பக்கத்து சீட்டுச் சத்தம்

ரிட்டையரான பஸ் டிரைவர் அந்தப் பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தும்போதே குற்றவாளி யார் என்றும் சொல்லிவிட்டார். தான் தனியாக ஓட்டினால் வண்டி பூனை மாதிரி போகுதாம். வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், கிறீச் கிறீச்சென்று உயிரை வாங்குதாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நின்றிருந்த ஆம்பிளைகளும் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

மெக்கானிக் ஒரு பெண். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அண்ணனோடு சேர்ந்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். படித்தவள் ஏன் காருக்கு அடியில் படுத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், படித்ததே அதற்குத்தான் என்பாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அண்ணன் அவளுக்கு வைத்திருந்த பெயர் பட்டாசு.

டிரைவருக்கு அந்தக் கார் மேல் கொள்ளை ஆசை. ஆயுசு முழுக்க ஓட்டிய பஸ்களில் ஹாரனைத் தவிர எல்லாமே சத்தம் போட்டதாம். சொந்தமாக ஒரு வண்டி வாங்கினால் அது மூச்சு விடுவதுகூடக் கேட்கக் கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டாராம். ஏற்கெனவே நாலைந்து ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியாயிற்று. எல்லோரும் எதையோ முறுக்கி, எதற்கோ எண்ணெய் விட்டு அனுப்பினார்கள்.

"வீட்ல அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மெக்கானிக்.

"அவ இப்ப ஏறுறதே இல்லம்மா. அவ தங்கச்சி படுத்த படுக்கையா கிடக்குது. வாரா வாரம் இவளக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வருவேன். என்னாலதான் வண்டி கெடுது, நான் வரலன்னுட்டா. பஸ்ல போகலாம்னா முட்டி வலி விடல."

ஏதோ டயரில் காற்று குறைந்த சமாச்சாரம் மாதிரி அதைச் சொன்னார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவது இரும்பு. பழி ஒரு பொம்பளையின் உடம்பு மேல். அந்தப் பொம்பளையும் அதை நம்பி, கூடப் பிறந்தவளைப் பார்ப்பதையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை வெளியே விடுவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டினாள்.

சத்தம் தேடுவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வண்டியில் கழற்றி வைக்கக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிடுவாள். ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னி, மிதியடி, ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பாள். கடகடவென்றால் எதுவோ ஆடுகிறது. கிறீச்சென்றால் எதுவோ ஒன்றோடு ஒன்று உரசுகிறது. டாஷ்போர்டு இடுக்குகளில் டேப் ஒட்டினாள். பானட் ஓரத்து ரப்பரை மாற்றினாள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே சோப்புத் தண்ணீர் அடித்தாள். ஒவ்வொரு சத்தமாகச் செத்தது. ஆனால் டிரைவர் சொன்ன சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

பக்கத்து சீட்டில் மணல் மூட்டையை ஏற்றினாள். சத்தம் இல்லை. அண்ணனை உட்கார வைத்தாள். அவன் அந்த அம்மாவை விடக் கனமாகத்தான் இருப்பான்.

"சீட்டு கத்தல. என் வயிறுதான் கத்துது. சாப்பிடப் போலாமா?" என்றான் அண்ணன்.

கடைசியில் டிரைவருக்குப் போன் போட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். அவர் மறுநாள் கூட்டி வந்தார். ஒல்லியும் இல்லை குண்டும் இல்லை, சாதாரண உடம்பு. வந்தவள் காரை ஒரு பார்வை பார்த்தாள், கடிக்கிற நாயைப் பார்ப்பது மாதிரி. நான் ஏறினால் திரும்பவும் கெட்டுப்போகுமே கண்ணு என்று தயங்கினாள். கெடட்டும், அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று கையைப் பிடித்து ஏற்றினாள் மெக்கானிக்.

டிரைவர் ஓட்டினார். அந்த அம்மா பக்கத்தில். மெக்கானிக் பின்சீட்டில், ஒரு ரப்பர் ஹோஸின் நுனியைக் காதில் செருகிக்கொண்டு, மறு நுனியை அங்கங்கே வைத்துப் பார்த்தபடி குனிந்திருந்தாள். முதல் வளைவிலேயே வந்தது. கிறீச். ஹோஸை சீட்டின் காலில் வைத்தாள், எங்கோ தூரத்தில் கேட்டது. கதவின் பக்கம் கொண்டுபோனாள். அடுத்த வளைவில் காதுக்குள்ளேயே கத்தியது.

நிமிர்ந்து பார்த்தாள். கதவின் உள்பக்கக் கைப்பிடியை ஒரு கை பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. டிரைவர் ஒரு லாரியை ஒட்டி உரசுகிற மாதிரி முந்தினார். கை இறுகியது, பிறகு சத்தம் வந்தது. வளைவில் வேகம் குறைக்காமல் ஒடித்தார். கை இறுகியது, பிறகு சத்தம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கைதான் முதலில். மணல் மூட்டைக்குப் பயம் கிடையாது, அதனால்தான் அது கத்தவில்லை.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் டிரைவர் அண்ணனோடு பேசப் போய்விட்டார். அந்த அம்மா மெக்கானிக்கை ஓரமாக இழுத்தாள்.

"சொல்லிராத கண்ணு. அவருக்கு இருக்கிற பெருமையே வண்டி ஓட்டுறது ஒண்ணுதான். இத்தனை வருஷத்துல ஒரு ஆடு மாடு மேல இடிச்சதில்ல மனுஷன். அந்தக் கைப்பிடி ஸ்குரூவ இறுக்கி விட்டுரு. சத்தம் நின்னா நான் வண்டியில ஏறிருவேன். தங்கச்சிய பாத்தா போதும் எனக்கு."

"பயத்த என்ன செய்வீங்க?"

"அத நான் பாத்துக்கறேன்."

ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். ரெண்டு திருகு திருகினால் வேலை முடிந்தது. சத்தம் நிற்கும், அவருக்குச் சந்தோஷம். இந்த அம்மா அதே கைப்பிடியை அதே மாதிரி பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பயந்துகொண்டு போவாள். எத்தனை வீட்டில் இப்படித்தான் சத்தம் வராமல் இறுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஐயா, இங்க வாங்க. சத்தம் எங்க வருதுன்னு நீங்களே கேளுங்க. நான் ஓட்டுறேன், நீங்க அம்மா சீட்ல உக்காருங்க."

அந்த அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். டிரைவர் பிகு பண்ணிக்கொண்டுதான் ஏறினார். தன் வண்டியில் பக்கத்து சீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

மெக்கானிக் அவரைப் போலவே ஓட்டினாள். முந்தினாள், ஒட்டினாள், ஒடித்தாள். எதிரில் வந்த தண்ணி லாரிக்கு முன்னால் புகுந்து வெளியே வந்தாள். அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. கை தானாகக் கதவுக்குப் போனது.

கிறீச்.

தன் கையையே பார்த்தார் மனிதர். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வளைவில் அது திரும்பவும் கதவுக்கு ஓடியது.

வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். நறுக்கென்று கேட்பதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றும் வரவில்லை.

"நான் இப்படியா ஓட்டுறேன்?"

"இதவிடக் கொஞ்சம் வேகமா."

கதவுக் கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "பஸ்ல யாருமே சொன்னதில்லையேம்மா."

"பஸ்ல எல்லாரும் உங்க முதுகுக்குப் பின்னாடில்ல இருந்தாங்க. பிடிச்சுக்கக் கம்பி வேற இருக்கு. அது நல்லா இறுக்கமா இருக்கும், சத்தம் வராது."

இவ்வளவு நாளும் அவ வாயத் தொறக்கலையே என்று முனகினார் அவர். அது கேள்வியா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன்னிடம் அந்த அம்மாவால் சொல்ல முடியவில்லை என்பதை அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மெக்கானிக்கை முறைத்தாள். டிரைவர் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். அவள் ஏறினாள். எந்த வண்டியையும் ஒப்படைக்கும் முன் மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து ஒரு தடவை போய் வருவது அங்கே வழக்கம். அவளும் ஏறிக்கொண்டாள்.

முதல் வளைவு வந்தது. டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை, கடைசியில் கொஞ்சம் ஒடித்துவிட்டார். கிறீச்சென்றது, சின்னதாக.

"இப்ப எப்படி?" சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பாதி கொறஞ்சிருக்கு."

"ஸ்குரூ இன்னும் இறுக்கல ஐயா. இறுக்கவா?" என்றாள் மெக்கானிக் பின்னாலிருந்து.

"இருக்கட்டும்மா. எனக்குக் கேக்கணும்."

அடுத்த வளைவுக்கு வெகுதூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டிய தெரு வந்தது, போனது. பொண்ணை இறக்கி விடலையா என்று அந்த அம்மா கேட்டாள்.

"திரும்பி வரும்போது விட்டுரலாம். உன் தங்கச்சி முழிச்சிட்டிருக்கிற நேரம்தான இது?"

கிரீஸ் கையோடு நோயாளி வீட்டுக்கா என்று நினைத்தாள் மெக்கானிக். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். முன்சீட்டில் கைப்பிடியை விட்டு அந்த அம்மாவின் கை இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தது.