மாமனார் சொன்ன பாதி வார்த்தை

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பெரியசாமி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"தள்ளி..."

மிச்சத்தை வலி விழுங்கிவிட்டது. விழுங்கியதை அவர் மகள் கீதாஞ்சலி தெருவே கேட்கும்படி நிரப்பினாள். "கேட்டீங்களா? தள்ளிவுட்டாங்கிறாரு எங்கப்பா. பாவி, தள்ளிவுட்டுட்டா."

பாவி என்றது மருமகள் மேகலாவை.

மாமனார் தடுமாறியதைப் பார்த்துக் காபித் தட்டைப் போட்டுவிட்டு ஓடியவள் மேகலா. எட்டிப் பிடிப்பதற்குள் அவர் இடுப்பு தரையில் அடித்துவிட்டது. சத்தம் கேட்டு ஹாலில் இருந்தவர்கள் திரும்பியபோது கண்ணில் பட்டது, கீழே கிடந்த பெரியவரும் அவர் தோளில் இருந்த மேகலாவின் கையும். அது போதாதா?

அன்று கீதாஞ்சலியின் மகளைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். கீதாஞ்சலி வாழ்க்கைப்பட்ட ஊர் தா.பழூர். சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், நெடுஞ்சாலை மேலேயே இருக்கும் பெரம்பலூரில், தம்பி ராஜராஜன் கட்டிய புது வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது அவள்தான். விடிந்ததிலிருந்து சோபாவை நகர்த்து, திரையை மாற்று என்று அதிகாரம் தூள் பறந்தது. மேகலா வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்குப் பலன் இப்போது கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்க, வயசானா விழறது சகஜம்தானே சார் என்று ராஜராஜன் இழுத்தான். டாக்டருக்கு வந்ததே கோபம். வயசானவர் விழுந்துதான் ஆக வேண்டும் என்று சட்டமா, காரணம் இல்லாமல் யாரும் விழ மாட்டார்கள், இவரைப் பிடிமானம் இல்லாமலா நடக்க விட்டீர்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டுப் போனார்.

பிடிமானம். மேகலாவுக்குச் சுருக்கென்றது.

செட்டிகுளத்தில் வெங்காயக் காட்டை நாளெல்லாம் நடந்து அளந்த கால்கள் மாமனாருடையவை. போன வருஷக் காய்ச்சல் அந்தக் கால்களின் பலத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. மேகலாதான் மெடிக்கல் கடையில் சொல்லி நாலு கால் வைத்த ஊன்றுகம்பு ஒன்றை வாங்கி வந்தாள். அது எப்போதும் அவர் அறைக் கதவோரம் நிற்கும். விழுவதற்கு முன் அவர் கை அந்தக் கதவோரச் சுவரைத்தான் தடவியது. தடவிய இடத்தில் கம்பு இல்லை.

"மாமா கம்பு எங்க அண்ணி?"

"செய்யறதையும் செஞ்சுட்டு கம்பு தேடுறா பாரு" என்று கீதாஞ்சலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராஜராஜன் மனைவியை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போனான். "கோவப்படாத மேகலா. தெரியாம உன் கை கிய் பட்டுருச்சா?"

அக்காள் தெருவில் நின்று கத்தியதுகூட இப்படிச் சுடவில்லை. இவனுடைய அப்பாவை ராத்திரி பகல் பார்க்காமல் பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனது எந்தக் கை? பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடி போட்டுத் தாருங்கள் என்று அவள் கெஞ்சியபோது, புது டைல்ஸில் ஓட்டை விழும் என்று சொன்னது எந்த வாய்?

அதற்குள் கீதாஞ்சலியின் கணவர் கிருஷ்ணமூர்த்தி போனில் சேதியைப் பரப்பிவிட்டார். தா.பழூர் பஸ் கிளம்புவதற்குள் சேதி தா.பழூர் போய்ச் சேர்ந்தது. உடையார்பாளையத்திலிருந்து மேகலாவின் அம்மா போனில் அழுதாள். நீ அப்படிச் செய்யறவ இல்லடி, ஆனா ஊரு வாயை மூட முடியுமா என்றாள். பெற்றவளுக்கே ஒரு 'ஆனா' இருந்தது.

சேதி போலீஸ் வரைக்கும் எட்டி, வாக்குமூலம் வாங்க ஏட்டு வந்தார். வலி ஊசி போட்டு அசந்திருந்த பெரியசாமி கண் விழித்தார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"பயப்படாம சொல்லுங்க பெரியவரே. உங்களத் தள்ளிவுட்டது யாரு?"

"தள்ளிவுட்டாங்களா? யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்களாம்."

"தள்ளி வச்சுட்டான்னு சொல்ல வந்தேன்யா. கம்பை."

"யாரு வச்சா?"

அவர் மகளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

கீதாஞ்சலியின் குரல் இறங்கிவிட்டது. "கம்போட நின்னா, நரம்புத் தளர்ச்சி இவங்க பரம்பரைலயே இருக்குமோன்னு மாப்பிள்ள வீட்ல நெனப்பாங்கப்பா. நம்ம புள்ளைக்குத்தானே செஞ்சேன். உக்காந்த எடத்துலயே இருங்கன்னு சொன்னேன்ல? யாரு எந்திரிக்கச் சொன்னா?"

"வூட்டுக்கு வந்தவங்கள எந்திரிச்சு வாங்கன்னு கேக்காம குந்திக்கிட்டு இருக்கச் சொல்றியா?" பெரியசாமிக்கு மூச்சு வாங்கியது. "கம்பு புடிச்ச அப்பன் ஒனக்குக் கேவலம். இப்பக் கட்டில்ல கெடக்குறேனே, இது கௌரவமா?"

கம்பு இப்போது எங்கே என்று ஏட்டு கேட்டார். கார் டிக்கியில் என்றாள் கீதாஞ்சலி, தரையைப் பார்த்தபடி.

மேகலா அவள் எதிரே வந்து நின்றாள். "தள்ளிவுட்டான்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னீங்கல்ல அண்ணி? தள்ளி வச்சேன்னு அதே சத்தத்துல, அதே தெருவுல வந்து சொல்லணும். தா.பழூருக்கும் சொல்லணும். எங்கம்மாவுக்கும் சொல்லணும்."

யாரும் கேட்காமலேயே கிருஷ்ணமூர்த்தி கார் சாவியை நீட்டினார்.

டிக்கியில், பட்டுப்புடவைப் பைகளுக்கு அடியில், நாலு கால்களும் மேலே பார்த்தபடி கம்பு மல்லாந்து கிடந்தது. மேகலா அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு படியேறினாள்.

பாதிப் படியில் ராஜராஜன் எதிரே வந்தான். முகத்தில் அசடு வழிந்தது. "குடு, நான் எடுத்துட்டு வரேன்" என்று கையை நீட்டினான்.

மேகலா கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேணாம். தெரியாம கை கிய் பட்டுடப் போவுது."