மாடியில் இருந்த வெளிநாடு

“மாத்திரை?”

“ஆறு மாசத்துக்கு வாங்கியாச்சு.”

“வாங்கினா ஆச்சா? டாக்டர் கடிதம்? டப்பா மேல இருக்கிற கம்பெனிப் பேரு அங்க யாருக்கும் தெரியாது. உள்ள இருக்கிற மருந்தோட பேரை எழுதி வாங்கணும்.”

“வாங்கிட்டேங்க. முத்திரை எல்லாம் குத்திக் குடுத்துட்டாரு.”

“சரி, பாஸ்போர்ட்?”

“இருக்கு.”

“இருக்குன்னா எடு. கவுண்டர்ல நிக்கிற. உனக்குப் பின்னாடி இருநூறு பேர் நிக்கிறாங்க. சீக்கிரம்.”

அவள் அசையவில்லை. போட்டிருந்த கனத்த கோட்டின் இடுப்புப் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“ஒரு கத்தரி கிடைக்குமா?”

அவள் கணவர் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு மாடிப்படியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். அவள் நாடக மேடைக்கு உடை தைப்பவள். எதையாவது பத்திரப்படுத்த வேண்டும் என்றால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தையல்தான். பாஸ்போர்ட்டை கோட்டின் உள்துணிக்குள் வைத்து, வெளியே தெரியாத தையலாகப் போட்டு மூடியிருந்தாள். திருடன் மூன்று நாள் தேடினாலும் கிடைக்காது. அதிகாரி கேட்டாலும் கிடைக்காது.

“கத்தரியைக் கைப்பையில விடமாட்டாங்களே” என்றார் அவர்.

“பல்லால பிரிச்சுடுவேன்.”

“கவுண்டர்ல நின்னு கோட்டைக் கடிக்கப் போறியா? மொதல் நாளே உள்ள போட்டுடுவாங்கம்மா.”

இருவரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘பாஸ்போர்ட் - ஜிப் வைத்த பை’ என்று எழுதிக்கொண்டார்.

இந்த ஒத்திகை அவருடைய யோசனை. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். புது லிஃப்டில் ஆளை ஏற்றுவதற்கு முன்பு எடைக்கற்களை ஏற்றி ஒருமுறை மேலே அனுப்பிப் பார்ப்பது அவர் தொழிலின் வழக்கம். வீட்டிலும் அதே வழக்கம்தான். புதுச் செருப்பைக்கூட முதலில் கூடத்தில் போட்டு நடந்து பார்க்காமல் தெருவுக்குப் போட்டுப் போகமாட்டார்.

விஷயம் இதுதான். போன வருடம் ஒரு வெளிநாட்டு நாடகக் குழு ஊருக்கு வந்திருந்தது. இடைவேளையில் கதாநாயகியின் உடை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்துபோக, பன்னிரண்டு நிமிடத்தில் அதைத் தைத்துக் கொடுத்தாள் இவள். அந்தக் குழு இப்போது அழைத்திருக்கிறது. வருடத்தில் ஐந்து மாதம் அங்கே வந்து உடை அறையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மீதி ஏழு மாதம் வீட்டில் இருக்கலாம். ஒரு வருடத்துக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு வருடமும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் போக ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு ஆசை வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ஆனால் கல்யாணமான நாள் முதல் அவரை மூன்று நாளுக்கு மேல் தனியாக விட்டதில்லை. அவர் தனியாகச் சமாளிப்பாரா என்பது தெரியாமல் ‘வருகிறேன்’ என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அதனால்தான், குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு பூட்டிக் கிடந்த மாடி அறை ஒரு வாரத்துக்கு வெளிநாடு ஆனது. விதிகளை அவர் எழுதினார். ஒரு பெட்டி, இருபத்துமூன்று கிலோ. அதில் இல்லாதது எதுவும் அவளிடம் இல்லை. வெளிப்படி வழியாகத்தான் போக வர வேண்டும். பழகிய கடைக்குப் போகக் கூடாது. அடுத்த பேட்டையில் கடையும் மருந்துக் கடையும் டாக்டரும் முதல் நாளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மாடிக் கடிகாரத்தில் நான்கு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். போன் தினமும் ஒரே ஒரு தடவை, கீழே மாலை ஆறு மணிக்கு, மேலே மதியம் இரண்டு மணிக்கு.

“மாடிக்குப் போறதுக்கு விசாவா? ரெண்டு பேருக்கும் மறை கழண்டுபோச்சு” என்றாள் அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடமாட்டாள் என்பதால் குடும்பத்தில் அவளுக்கு மாஜிஸ்திரேட்டு என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறிப் போனாள். அவர் கீழே நின்று கையாட்டினார். பதினெட்டுப் படிகள்தான். ஆனாலும் மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் சின்னதாகத் தெரிந்தார்.

முதல் இரண்டு நாள் ஒத்திகை தன் வேலையைச் செய்தது. உள்ளூர் சிம்மைக் கழற்றிவிட்டுப் புது சிம்மைப் போட்டதும் வங்கி அனுப்பும் ரகசிய எண் அவளுக்கு வராமல் போனது. மின்சாரம், தண்ணீர், இன்ஷூரன்ஸ் எல்லாமே அவள் நம்பரில்தான் இருந்தன. அதை எல்லாம் அவர் நம்பருக்கு மாற்ற வேண்டும், அவளுக்காக அவர் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் எழுத வேண்டும் என்று திங்கட்கிழமை குறித்துக்கொண்டாள். போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் விசாவில் தங்கும் நாள் கணக்கில் சேரும் என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அங்கே வருடக் குத்தகைக்கு வீடு பிடிக்கக் கூடாது, முதல் மாதம் ஒரே ஒரு அறை எடுத்து, அந்தத் தெரு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் எழுதிவைத்தாள்.

மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்துப் போனது. கீழே பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும்போது அவள் கடிகாரத்தில் மதியம்தான் ஆகியிருக்கும். இன்னும் நடக்காத ஒரு நாளின் சாயங்காலத்தை எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். கீழே குழாய் திறக்கும் சத்தம் கேட்டால், இதோ அவர் நாலு மணி நேரம் கழித்துக் கை கழுவுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

மதியம் இரண்டு மணிக்குப் போன் வரும். திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரியும்.

“சாப்பிட்டீங்களா?”

“பிரமாதமா.”

“யாரு சமைச்சா?”

“வேற யாரு, நான்தான்.”

“துணி?”

“துவைச்சுக் காயப்போட்டு மடிச்சும் வெச்சாச்சு. நீ கவலைப்படாத. வீடு சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு.”

“நெத்தி மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் போனைத் தள்ளிப் பிடிங்களேன்.”

“அழகான நெத்திதானே, பாரு.”

புதன்கிழமை போனை வைத்த பிறகு அவள் பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். ‘மகிழ்ச்சியுடன் வருகிறேன்.’ அனுப்பும் பொத்தானில் விரல் வைத்தாள். அழுத்தவில்லை. அவர் சமாளிக்கமாட்டார் என்று பயந்துதான் மாடி ஏறினாள். இப்போது அவர் இவ்வளவு ஜோராகச் சமாளிப்பது அவளை உறுத்தியது. இருபத்தெட்டு வருடம் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன்? போகாமல் இருப்பதற்கு ஒரு காரணமாவது மிச்சம் வைத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? இப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை வெளிப்படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் மாஜிஸ்திரேட்டு.

“அண்ணி, நீங்க வரக் கூடாதே. இது வெளிநாடு.”

“நான் டூரிஸ்டு. தள்ளு.” உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “என்னம்மா நடக்குது இங்க? நாலு நாளா உன் வீட்டுக்காரன் மூணு வேளையும் என் வீட்டுலதான் கொட்டிக்கிறான். அவன் சட்டையெல்லாம் என் கொடியிலதான் தொங்குது.”

“அவரே சமைக்கிறேன்னாரே.”

“கிழிச்சான். ஒத்தக் கையால என்னத்தைச் சமைக்கிறது?”

“ஒத்தக் கையா?”

நாத்தனாரின் முகம் மாறியது. “உனக்குத் தெரியாதா? ஐயையோ. சொல்லாதன்னு சத்தியம் வாங்கலையே அவன்” என்று கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே வழக்காடினாள். பிறகு சொன்னாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நீ ஏறிப் போன அன்னிக்கே. பால் வெச்சிருக்கான். பொங்கி வந்திருக்கு. ‘இந்தாம்மா, பால் பொங்குது பாரு’ன்னு திரும்பி உன்னைக் கூப்பிட்டிருக்கான். நீ இருந்தாத்தானே? அந்தப் பதட்டத்துல வெறுங்கையால பாத்திரத்தைப் பிடிச்சுட்டான். இடது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கட்டுப் போட்டுவிட்டவ நான்தான்.”

அவள் எழுந்து கதவுவரை போனாள். கீழே அவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பதினெட்டுப் படி. இறங்கவில்லை. திரும்பி வந்து நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போய் ஒரு சத்தம் போட்டுட்டு வாயேன்” என்றாள் நாத்தனார்.

“இல்ல அண்ணி. நிஜமா வெளிநாடு போனா எந்தப் படியை இறங்கி வருவேன்?”

மாடிக் கடிகாரத்தில் இரண்டு மணி ஆனது. போன் வந்தது. நெற்றி.

“என்னம்மா, இன்னிக்கு வெயில் எப்படி உங்க ஊர்ல?”

“நல்லா இருக்கு. உங்க கையைக் காட்டுங்க.”

“கையா? எதுக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?” வலது கை திரைக்கு முன்னால் வந்து விரல்களை ஆட்டியது.

“அந்தக் கை இல்ல.”

நெற்றி கொஞ்சம் கீழே இறங்கியது. முதல்முறையாக அவருடைய கண்கள் தெரிந்தன.

“அக்கா வந்துட்டாளா” என்றார்.

“நான் இங்க இல்லடா” என்றாள் நாத்தனார் கட்டிலிலிருந்து.

“எதுக்கு மறைச்சீங்க?” அவள் குரல் உயரவில்லை.

“சொன்னா நீ அடுத்த நிமிஷம் கீழ நிப்ப. அப்புறம் சனிக்கிழமை ‘முடியாது’ன்னு எழுதுவ. ஒரு கொப்புளத்துக்காக நீ அங்க போகாம இருக்கணுமா? அந்தக் கடிதம் வந்த அன்னிக்கு உன் மூஞ்சியை நீ பாக்கல. நான் பாத்தேன்.”

நாத்தனார் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வேண்டுமென்றே தெருவை வேடிக்கை பார்த்தாள்.

“கடிதம் தயாரா இருக்குங்க. வர்றேன்னுதான் எழுதியிருக்கேன்” என்றாள் அவள். “உங்களுக்குச் சமைக்கத் தெரியாதது எனக்குப் பெரிசில்ல. அண்ணி வீட்டுல சாப்பிடுங்க, தப்பே இல்ல. ஆனா அங்க இருந்து எனக்கு உங்க நெத்தி மட்டும்தான் தெரியும். நீங்க நல்லா இருக்கேன்னா நல்லா இருக்கீங்கன்னு நம்பிட்டு நான் ஊசியில நூல் கோக்கணும். அஞ்சு மாசம். அதுல ஒரு நாள் நம்ப முடியலன்னாலும் என் கை ஓடாது.”

அவர் போனை எங்கேயோ வைத்துவிட்டார். திரையில் இப்போது கூடத்தின் மேற்கூரை மட்டும் தெரிந்தது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

“அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்” என்றாள். “ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நீங்க எப்படி இருந்தீங்கன்னு, ஒண்ணு விடாம, இப்போ எனக்குச் சொல்லுங்க.”