பாலம் தாண்டினால் மலிவு

என் அத்தான் எட்டு வருடம் இரண்டு வெளிநாடுகளில் டிரைவராக இருந்தவர். சம்பாதித்துக் கொண்டுவந்தது ஒரு பழைய காரும் ஓயாத வாயும்தான். முதல் நாட்டில் பெட்ரோல் தண்ணீரைவிட மலிவாம். முக்குக் கடைக்குக்கூடக் காரில்தான் போவார்களாம். இரண்டாவதில் யானை விலையாம். நாலு பேர் சேராமல் ஒரு கார் வேலைக்குக் கிளம்பாதாம். அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறேனே, தினமும் இந்தப் புராணத்தைக் கேட்டுக்கொண்டே அவர் காரில் வேலைக்குப் போவது என் தலையெழுத்து. பஸ் அந்தப் பக்கம் கிடையாது.

மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் தற்காலிக வேலை எனக்கு. ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் சீட்டு கிழிந்துவிடும். இரண்டு ஆகிவிட்டது. இரண்டும் இந்த மனுஷனால். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுவார். பின்னால் வருகிறவன் திட்டுவது எனக்குத்தான் கேட்கும்.

அன்று பெட்ரோல் முள் அடியில் படுத்துக் கிடந்தது. வழியில் பங்க் வந்தது.

"அத்தான், இங்கயே போட்டுருங்க."

"பாலம் தாண்டினா லிட்டருக்குக் காசு கம்மி."

"இன்னைக்கு லேட்டானா என் வேலையே போயிடும்."

"அங்கெல்லாம் முள்ளு அடியில விழுந்தாலும் முப்பது கிலோமீட்டர் ஓடும். வண்டி ஓட்டத் தெரியாதவ வழி சொல்லாத."

"நாம எந்த நாட்டுல இருக்கோம்னு முள்ளுக்குத் தெரியுமா?"

பங்கைத் தாண்டினார். பாலத்தின் நடுவில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன.

"இறங்கித் தள்ளு" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இறங்கினேன். தள்ளவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கம்பெனி வாசலில் விரல் வைத்தபோது மெஷின் ஒன்பது இருபத்தொன்று என்று காட்டியது. சூப்பர்வைசர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தான் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி விடு. உன்னை இறக்கிட்டு நான் திரும்பி வர்ற சுத்து இனிமே இல்ல. அந்தப் பெட்ரோல் மிச்சம்."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்காவைப் பார்த்தேன். என் கூடப் பிறந்தவள், இதற்காவது இவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று நம்பினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாசத்துக்கு எத்தனை லிட்டருங்க வரும்?" என்றாள்.