அறுபதில் ஒருவன்

ஃப்ரேடெயின் மகன் ஆன்ஷெல், ஜார் மன்னரின் படைக்குப் போன முதல் குளிர்காலத்திலேயே அங்கே கரைந்துபோனான். முட்டைக்கோசு விலை ஏறிய அதே வருஷம். படைமுகாமுக்கு ஊசி நூல் விற்கப் போய்வரும் ஸெலிக்தான் செய்தி கொண்டுவந்தான். பெயர் கூப்பிட்டால் குரல் வருகிறதாம், பங்கு ரொட்டி தீர்கிறதாம், பூட்ஸ் தேய்கிறதாம். ஆளை மட்டும் காணோமாம். அதிகாரிகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஃப்ரேடெ விதவை. அவளுக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான். அவன் போன நாளிலிருந்து வாசல் கதவைத் தாழிடாமலே படுத்தாள். செய்தி கேட்டதும் ரப்பி மேன்டெலிடம் ஓடினாள். கறியும் பாலும் கலக்கக் கூடாது என்பது எங்கள் யூதச் சட்டம்; சமையல் சட்டியில் சந்தேகம் வந்தால் எங்கள் பெண்கள் ஓடுவது அவரிடம்தான்.

“ரப்பி, கறிச்சாறுல பால் துளி விழுந்தா, சாறு அறுபது மடங்கு இருந்தா துளி இல்லேன்னு ஆயிடும்னு நீங்கதானே சொல்வீங்க? அங்க அத்தனை சிப்பாய்ங்க. நடுவுல என் புள்ள ஒருத்தன். அவனும் இல்லேன்னு ஆயிட்டானா?”

மேன்டெல் நல்ல மனுஷர். அவள் அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் அடித்துச் சொன்னார்.

“அடி அசடே, துளிதான் கரையும். சாறுல எறும்பு விழுந்து கண்ணுக்கு அகப்படலேன்னா அண்டாவையே கொட்டச் சொல்றேனே, ஏன்? முழு உயிர் ஆயிரத்துல ஒண்ணா கிடந்தாலும் அது அதுதான். வீட்டுக்குப் போ.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷர். சட்டம் படித்த வாய் சும்மா இருக்குமா?

“அந்த எறும்புக்கு ஒரு கால் போயிருந்தாத்தான் வேற பேச்சு. அப்ப அது முழுசு இல்ல, கரைஞ்சிடும்.”

ஃப்ரேடெ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படைக்கு ஆள்பிடிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, துப்பாக்கி பிடிக்க முடியாதவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பி, மகனின் வலது ஆள்காட்டி விரலைக் கறிவெட்டும் பலகையில் வைத்து வெட்டியவள் அவள்தான். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “சீக்கிரம்மா” என்றானாம். விரலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தாயிற்று. அந்த வருஷம் ஆள் போதவில்லை. குதிரை மேய்க்க விரல் எதற்கு என்று அவனையும் இழுத்துப் போனார்கள்.

“நான்தான் ரப்பி அவனக் கரைச்சேன்,” என்றாள். செத்தான் என்று துக்கம் காக்க ரப்பியால் அனுமதி தர முடியவில்லை. கூப்பிட்டால் குரல் வருகிறதே!

பல வருஷம் கழித்து அந்தப் படை எங்கள் ஊர் வழியாகப் போனது. ஃப்ரேடெ பெரிய அண்டாவில் பார்லிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு தெருவில் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எதிலும் அவன் சாயல் இல்லை. “ஆன்ஷெல்!” என்று கூப்பிட்டாள். படை முழுவதிலிருந்தும் “அம்மா” என்று ஒரே குரல் வந்தது. ஒருவன் உதடும் அசையவில்லை. ஊரே கேட்டது.

“சாப்பிடுடா,” என்றபடி முதல் சிப்பாயிலிருந்து கடைசிச் சிப்பாய் வரை எல்லோருக்கும் ஊற்றினாள். படை போனதும் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்றிலிருந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்தாள்.