ஆவணி பிறக்கட்டும்

காவ்யாவுக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பாள். அன்னவாசல் ரத்ததானக் குழுவின் சொத்தாகப் போனதால் அது தப்பித்தது.

பத்து நாளாக இதே பாட்டுதான். ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல், முகாமுக்கான பதிவு எல்லாம் ஆபீஸ் மூலையில் குழுவின் சொந்தக் கம்ப்யூட்டரில்தான் ஓடின; அதைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வெளியிலிருந்து போனில் குழுவின் இணையதளத்தைத் திறக்கிறவர்களை வாசலில் நிறுத்தி, வேண்டிய பக்கத்துக்கு அனுப்ப ஒரு மென்பொருள் உண்டு. ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். இருந்தது பழசு. தளம் பாதுகாப்பானது என்று காட்டும் சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் புதுப்பித்தாக வேண்டும். நாலைந்தை ஓட்டிப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்த புதுசு, அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். மாற்ற அரைமணி நேரம் போதும்.

"நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்க வேணாம். ஆவணி பொறக்கட்டும்" என்றார் தலைவர் மலையாண்டி.

"கம்ப்யூட்டருக்கு ஆடி என்ன மாமா, ஆவணி என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே பேப்பரைப் புரட்டினார். எப்படியும் மாற்றத்தானே போகிறோம் என்று காவ்யாவும் பழசின் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாள்.

இன்று மத்தியானம் அய்யப்பன் என்பவன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தான்.

"போர்டுல எதுக்குங்க வெப்சைட்டுன்னு எழுதி வச்சிருக்கீங்க? தொறந்தா பாதுகாப்பில்லைன்னு செவப்பா வருது! எம் பொண்டாட்டி செவந்தி பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில கெடக்கா. ஓ நெகட்டிவ் கேக்குறாங்க. ஏதோ வைரஸுன்னு மூடிட்டு ரெண்டு மணி நேரமா நாயா அலையுறேன்!"

காவ்யாவுக்கு அப்போதுதான் சான்றிதழ் ஞாபகம் வந்தது. அவள் எப்போதும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே நேராகத் திறப்பதால் சிவப்பு எச்சரிக்கை கண்ணில் படவே இல்லை. பட்டியலில் தேடினாள். ஊரில் ஒரே ஒரு பெயர் வந்தது. மலையாண்டி.

"எந்திரிங்க மாமா! பேப்பரைக் கீழ போடுங்க!"

அய்யப்பனின் வண்டியில் அவர் ஏறிப் போனதுமே புதுசை ஏற்றினாள். யாரையும் கேட்கவில்லை. அவர்மேல் பாதிக் கோபம், தன்மேல் பாதி.

சாயங்காலம் முழங்கையில் பிளாஸ்திரியோடு மலையாண்டி திரும்பி வந்தார்.

"பொம்பளப் புள்ள. தாயும் புள்ளயும் நல்லா இருக்காக. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சா?" திரையை அவர் பக்கம் திருப்பினாள். "சான்றிதழ் செத்து ஆறு நாளாச்சு. வாசல் வரைக்கும் வந்து, அந்தச் செவப்பப் பாத்துத் திரும்பிப் போனது நாப்பத்தோரு போனு. அய்யப்பன் வண்டி எடுத்துக்கிட்டு நேர்ல வந்துட்டாரு. மிச்ச நாப்பது பேரு எங்க மாமா போனாக? அவுகளுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லவா?"

மலையாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். ஒவ்வொரு வரியிலும் வந்த நேரம் இருந்தது. யார் பெயரும் இல்லை.