மூப்பர் அசையவில்லை

பூமி சுற்றுகிறதா நிற்கிறதா என்று என்னைக் கேட்டால், நிற்கிறது என்றுதான் சொல்வேன். மாவு அரைக்கும் என் காற்றாலையைத் திருப்பவே இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவு பெரிய பூமியை எவன் தள்ளுவான்? ஆனால் அதற்காக ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்களா? எங்கள் சபை மூப்பர் பாரெண்ட் நிறுத்துவார்.

மாப்பிள்ளை யோஸ்ட், லெய்டன் பட்டணத்தில் மூக்குக்கண்ணாடி தேய்க்கக் கற்றவன். என் மகள் லைஸ்பெத்துக்கு அவன் என்றால் உயிர். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதையும் வாசித்து, யாரும் எழுந்து ஆட்சேபம் சொல்லாவிட்டால் கல்யாணம். அந்த நேரம் பார்த்து இந்தப் பிள்ளை பீர்க்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொல்லித் தொலைத்தான். மூப்பர் காதுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்கத்தான் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். லைஸ்பெத் சாப்பாட்டையே தொடவில்லை.

சனிக்கிழமை நானே அவரைச் சமாதானம் பேச ஆலைக்கு அழைத்தேன். வீட்டில் பேசினால் என் மனைவி கரண்டியோடு நடுவில் வந்து நிற்பாள். மூப்பர் உப்புமீன் வியாபாரி. ஆலைக்குள் ஏறியதே இல்லை. படியில் முனகிக்கொண்டே ஏறி, ஒரு மாவு மூட்டையைச் சிம்மாசனமாக்கி உட்கார்ந்தார். மூக்கில் இருந்தது, எதிரே லைஸ்பெத்தோடு நின்ற யோஸ்ட் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி. அவனைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்.

"வேதத்துல யோசுவா யாரை நிக்கச் சொன்னாரு? சூரியனையா, பூமியையா?"

"சூரியனைத்தான், மூப்பரே."

"ஓடாததை எவனாவது நில்லுன்னு சொல்வானா?"

"நாமளும்தான் தினம் சூரியன் உதிக்குதுங்கிறோம். கண்ணுக்குத் தெரியறதை வெச்சுப் பேசறோம். அதுல தப்பில்லையே."

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?"

"கண்ணாடியிலே குறை இல்லை, அது மட்டும் தெரியும்."

"குசும்பைப் பாரு! டேய், பூமி சுத்தினா எனக்குத் தெரியாதா? என் மீன் பீப்பாய் உருளாது? ஒரே ஒரு வார்த்தை. பூமி நிக்குதுன்னு சொல்லு. நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன்."

நான் யோஸ்டின் தாடையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "சொல்லிடு மாப்ளே. பூமி என்ன கோவிச்சுக்கவா போகுது?"

"நீங்க மாவுல சுண்ணாம்பு கலப்பீங்களா, மாமா?" என்றான்.

லைஸ்பெத் ஒரு பக்கம் அழுகிறாள். அழுதுகொண்டே, "பொய் சொல்லி என்னைக் கட்டிக்க வேணாம்" என்கிறாள். நல்ல ஜோடி!

அப்போது பார்த்துக் காற்று திசை மாறியது. எங்கள் ஆலை ஒற்றைத் தூண் மேல் நிற்பது. காற்று மாறினால் கல், மூட்டை, படி, உள்ளே இருக்கிற ஆள் எல்லாவற்றோடும் ஆலையையே திருப்பியாக வேண்டும். கல்லை நிறுத்திவிட்டு, மூப்பரையும் மாப்பிள்ளையையும் மேலேயே விட்டுவிட்டு, நானும் லைஸ்பெத்தும் கீழே இறங்கினோம். படியின் அடியைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டி, பின்னால் நீண்டிருக்கும் மரத்தைப் பிடித்துத் தள்ளினோம். கல்லின் சத்தம் நின்றதும் மூப்பருக்கு வசதியாகிவிட்டது. தலைக்கு மேல் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"அசையாது! ஒருக்காலும் அசையாது!"

நாங்கள் தள்ளிக்கொண்டிருந்தோம். லைஸ்பெத் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அசையாதாம்ப்பா" என்று சிரித்துவிட்டாள்.

படியை இறக்கி வைத்தோமோ இல்லையோ, மூப்பர் கோபத்தோடு வாசலில் வந்து நின்றார். கண்ணாடி பூரா மாவு.

"பாத்து மூப்பரே, படி இப்போ..." என்று நான் ஆரம்பித்தேன்.

"எனக்கு நீ வழி சொல்றியா? வந்த வழி எனக்குத் தெரியும்!"

விறுவிறுவென்று இறங்கி, வந்தபோது பாலம் இருந்த பக்கம் என்று நினைத்து நேரே நடந்தார். அங்கே இருந்தது கால்வாய். பச்சைப் பாசி மூடிக் கிடந்ததால் அந்தக் கண்ணாடிக்கு அது புல்வெளி. தொபுக்கென்று இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"பாலம் எங்கடா? எவன்டா பாலத்தை நகர்த்தினது?"

"பாலம் இருந்த இடத்துலதான் இருக்கு, மூப்பரே," என்றாள் லைஸ்பெத். "நீங்கதான் திரும்பிட்டீங்க."

"நானா? மூட்டை மேல உக்காந்தவன் இம்மி அசையலையே! அசைஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. திரும்பி ஆலையைப் பார்த்தார். பிறகு, பின்னாலேயே ஓடி வந்த யோஸ்டைப் பார்த்தார். யோஸ்ட் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். என் மரச்செருப்பால் அவன் காலை ஒரு மிதி மிதித்தேன். புண்ணியவான், வாயை மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவரைத் தூக்கிவிட்டான். கண்ணாடியைக் கழுவி, தன் சட்டையில் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டான். மூப்பர் அவனை நன்றாகவே பார்த்தார்.

"நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன். ஆனா இது வெளியே போகக் கூடாது," என்றார்.

"எது, மூப்பரே?" என்றேன் நான்.

"எல்லாம்!"

ஞாயிறு. போதகர் மூன்றாம் ஓலை வாசித்து, ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம் என்றார். மூப்பர் எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பாவி மனுஷா, வாக்கு மாறிவிட்டாயா? எதிர்ப்புறம் பெண்கள் நடுவே லைஸ்பெத் முகம் வெளுத்துப்போயிருந்தது. கோயிலே கழுத்தைத் திருப்பியது.

"பூமி நிக்குது," என்றார் மூப்பர். யோஸ்ட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். ஆட்சேபம் ஒண்ணும் இல்லை."

சொல்லிவிட்டு, முன்னால் இருந்த பலகையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். லைஸ்பெத் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெற்ற மகள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்: நானும் பலகையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.