ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி போன்

பாளையங்கோட்டையில் ஒளிவுமறைவு என்பதே இல்லாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் தேவசிகாமணி வாத்தியார். இதை ஊருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார். "எங்க வீட்டு ஜன்னலுக்குத் திரை கிடையாது வே. மறைக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல" என்பார். திரை துவைக்கும்போது கிழிந்துபோன கதையை மட்டும் சொல்லமாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஞாயிறுதோறும், ஆராதனை முடிந்து கறிக்குழம்பு கொதிக்கிற ஒரு மணிக்கு, ஒரு போன் வரும். எடுத்தால் பேச்சு இருக்காது. மூச்சு கேட்கும், நடுவில் ரெண்டு இருமல். வாத்தியார் விடமாட்டார்.

"பேசத் துணிச்சல் இல்லாதவன் போனை எதுக்குலே தொடுத? இங்க எல்லாரும் நல்லாத்தாம்லே இருக்கோம். எம் மவ டார்லினுக்கு வேலை கிடைச்சாச்சு. எனக்குச் சுகரும் குறைஞ்சுட்டு. நீ ஒருத்தன்தாம்லே வெட்டியாத் திரியுத."

எதிர்முனை பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு வைக்கும்.

அப்போதெல்லாம் போன் மணியடித்தால், மதுரை மச்சினியா, பால்பண்ணையைக் கேட்டு வருகிற தப்பு நம்பரா என்று வீடே பந்தயம் கட்டும். வாத்தியாரின் மனைவி தேவமணி டீச்சர் மாங்காய் ஊறுகாய்ப் பக்குவம் கற்றுக்கொண்டது, தப்பு நம்பரில் வந்த ஒரு அம்மாவிடம்தான். அந்த அம்மா பெயர் கடைசிவரை தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் வரவில்லை.

தொண்ணூற்றொன்பதில் காயல்பட்டினம் அகமது மீரான் துபாயிலிருந்து கொஞ்சம் பெட்டிகள் கொண்டுவந்து கடையில் வைத்தார். கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டுமாம். வாத்தியார் எக்ஸ்சேஞ்சில் எழுதிக்கொடுத்து, ஒன்றை வாங்கி மாட்டினார்.

"அப்பம் நாம கூப்பிட்டாலும் அவங்க வீட்ல இப்பிடித் தெரியுமோ?" என்றார் டீச்சர்.

"தெரியட்டும். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?"

"பயமில்ல. ஒரு கூச்சந்தான்."

அந்த ஞாயிறு ஒரு மணிக்குப் பெட்டியில் ஏரல் ஊர் நம்பர் ஒன்று விழுந்தது. டைரக்டரியைப் புரட்டினால், ஞானையா. சாட்சாத் வாத்தியாரின் கூடப்பிறந்த அண்ணன்.

ரெண்டு பேருக்கும் பேச்சு நின்று எட்டு வருஷம். திருச்சபைத் தேர்தலில் அண்ணன் எதிரணிக்கு ஓட்டுப் போட்டுவிட்டார். ரகசிய ஓட்டுதான். தம்பி தோள்வழியாக எட்டிப் பார்த்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மணியடித்ததும் வாத்தியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். "ஏரல் ஞானையாதான? நம்பரும் தெரியுது, ஆளும் தெரியுது. இனிமே ஒளிய முடியாது."

இருமல்கூட வரவில்லை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"பாத்தியா, பிடிச்சிட்டேன்" என்றார் வாத்தியார்.

"பிடிச்சாச்சு. இனி யாரு கூப்பிடுவா?" என்று டீச்சர் குழம்பை இறக்கினார்.

யாரும் கூப்பிடவில்லை. நாலு ஞாயிறு, ஒரு மணிக்கு வாத்தியார் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சொல்லவேண்டிய சங்கதி நிறையச் சேர்ந்துவிட்டது. சுகர் மறுபடி ஏறியிருந்தது. டார்லினுக்கு மாப்பிள்ளை வந்திருந்தது. இதையெல்லாம் யாரைத் திட்டிச் சொல்வது?

மீரான் கடைக்குப் போய்ப் பேச்சுவாக்கில் விசாரித்தார். "பெட்டியெல்லாம் வித்துட்டோ?"

"ஏரலுக்கே நாலு போயிருக்கு, சார்வாள்."

யார் வீட்டுக்கு என்று கேட்கவும் தைரியமில்லை. அண்ணன் வீட்டிலும் பெட்டி இருந்தால், இங்கிருந்து கூப்பிட்டதும் நம்பர் விழுந்துவிடும்.

ஐந்தாவது ஞாயிறு, வீட்டில் ஒரு சட்டி தயிர் இருக்கும்போதே, "தயிர் வாங்கியாரேன்" என்று கிளம்பினார். பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி, தன்னை யாருக்கும் தெரியாத ஜங்ஷன் பக்கம் ஒரு எஸ்டிடி பூத்தில் நுழைந்தார். கதவை இழுத்துச் சாத்தினார். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்பரைச் சுற்றினார்.

"அலோ" என்றது ஏரல்.

வாத்தியார் மூச்சு விட்டார்.

"அலோ, யாரு?"

அந்தப் பக்கம் ரெண்டு இருமல்.

"பேசத் துணிச்சல் இல்லாத பயலுக்குப் போன் எதுக்குலே" என்றார் அண்ணன், பைய. "இங்க எல்லாரும் நல்லாத்தாம்லே இருக்கோம். ஆத்துல தண்ணி வந்துட்டு. எனக்கு மூட்டுவலி இப்பம் தேவல..."

பூத்துக்காரர் சிவசைலம் கண்ணாடியைத் தட்டினார். "லைன் கிடைக்கலையா அண்ணாச்சி?"

வாத்தியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கிடைத்துவிட்டதென்று தலையை ஆட்டினார்.